பி.எஃப். பென்ஷன்: வாட்ஸ்அப்பை மூடிவிட்டு பாஸ்புக்கைத் திறங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பி.எஃப். பென்ஷன் 7,500 ரூபாய் ஆகிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றுகிறது. அதைப் படித்துவிட்டு வங்கிக்குப் போய், கணக்கில் பழைய தொகையே இருப்பதைப் பார்த்து மேலாளரோடு சண்டை போடுபவர்களும் உண்டு. 7,500 ரூபாயும் பஞ்சப்படியும் வேண்டும் என்பது இ.பி.எஸ்.-95 எனப்படும் 1995-ஆம் ஆண்டுத் தொழிலாளர் பென்ஷன் திட்டத்தின் பென்ஷனர்கள் பல ஆண்டுகளாக வைத்துவரும் கோரிக்கை. நியாயமான கோரிக்கைதான். 2014 செப்டம்பரில் நிர்ணயித்த 1,000 ரூபாயில் இன்று ஒரு மாத மருந்துச் செலவுகூட அடங்காது. ஆனால் கோரிக்கை வேறு, அரசிதழில் வரும் அறிவிக்கை வேறு. அறிவிக்கை வராதவரை குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய்தான், பென்ஷனுக்கான சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய்தான்.

இந்தச் சத்தத்தில் உறுப்பினர் தானே சரிசெய்துகொள்ளக்கூடிய விஷயங்கள் காதில் விழாமல் போகின்றன. ஒருவருக்கு 58 வயதில் கிடைக்கப்போகும் தொகையில் பெரும்பகுதி அவர் 25 வயதிலும் 40 வயதிலும் போட்ட கையெழுத்துகளால் முடிவாகிறது. அம்பத்தூர் வட்டாரத்தில் தொழிலாளர்களுக்குப் பென்ஷன் மனு பார்த்துத் தருபவர்கள் என்ற முறையில், உங்கள் வாசகர்களுக்குத் தெரிய வேண்டியவற்றை எழுதுகிறோம். சற்று நீளமான கடிதம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பணம் போகும் வழி. தொழிலாளி தரும் 12 சதவீதம் முழுவதும் பி.எஃப். கணக்குக்குத்தான் போகிறது. முதலாளி தரும் 12 சதவீதத்திலிருந்து 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்குப் பிரிகிறது, மீதி 3.67 பி.எஃப்.க்கு. பென்ஷன் பங்கு 15,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு மேல் கணக்கிடப்படுவதில்லை. ஆகவே அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 30,000 வாங்குபவருக்கும் மாதம் 1,250 ரூபாய்தான் பென்ஷன் நிதிக்குப் போகும். மத்திய அரசு தன் பங்காக 1.16 சதவீதம் சேர்க்கிறது. பாஸ்புக்கில் மூன்றாவது பத்தியில் தெரியும் அந்த 1,250-க்கு வட்டி கிடையாது. ‘இத்தனை வருஷம் போட்ட பணம் எங்கே’ என்று கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பென்ஷன் என்பது சேர்த்த பணத்தின் கணக்கு இல்லை. சம்பளத்தையும் சேவை ஆண்டுகளையும் பெருக்கி 70-ஆல் வகுக்கும் சூத்திரம் அது.

சூத்திரம் எல்லோருக்கும் தெரியும். தவறு நடப்பது அதைப் போடும் விதத்தில். 2000 செப்டம்பர் 1-ல் வேலைக்குச் சேர்ந்து, 2026 ஆகஸ்ட் 31-ல் 58 வயது முடிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 26 ஆண்டு சேவை. 20 ஆண்டு தாண்டியதால் 2 ஆண்டு போனஸ், ஆக 28. 15,000 பெருக்கல் 28, வகுத்தல் 70 என்று போட்டு மாதம் 6,000 ரூபாய் வரும் என்று நினைக்கிறார். வராது. 2014 செப்டம்பர் 1-க்கு முந்தைய சேவைக்கு 6,500 ரூபாய் உச்சவரம்பு, அதற்குப் பிந்தைய சேவைக்கு 15,000 என்று இரண்டாகப் பிரித்துத்தான் கணக்கிடுவார்கள். முந்தைய 14 ஆண்டுக்கு 1,300 ரூபாய், பிந்தைய 12 ஆண்டுக்கு 2,571 ரூபாய், கூட்டினால் 3,871. போனஸ் ஆண்டுகளையும் சேர்த்தால்கூட 4,300-ஐத் தாண்டாது. வேறு விதமாகச் சொன்னால், 2014 செப்டம்பருக்குப் பிந்தைய ஒவ்வோர் ஆண்டும் மாதம் 214 ரூபாய் பெறும், அதற்கு முந்தைய ஓர் ஆண்டு 93 ரூபாய்தான் பெறும். இரண்டும் உச்சவரம்புச் சம்பளம் வாங்கியவருக்கான கணக்கு. 1995 நவம்பர் 16-க்கு முன்பே 1971-ஆம் ஆண்டுக் குடும்பப் பென்ஷன் திட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்தப் பழைய சேவைக்கென ஒரு சிறு தொகை தனியே சேரும்.

சூத்திரத்தில் வரும் ‘சம்பளம்’ என்பது கடைசி 60 மாதச் சராசரி. 2014-க்கு முன் இது 12 மாதமாக இருந்தது. இந்த மாற்றம் யாரைக் கடிக்கிறது தெரியுமா? ஆலையில் 15,000-க்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தவர் 53 வயதில் விருப்ப ஓய்வு பெற்று, ஏதோ ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியில் 9,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்துக்குச் சேர்கிறார். அங்கும் பி.எஃப். பிடிக்கிறார்கள். 58-ல் பென்ஷன் கணக்கிடும்போது கடைசி 60 மாதச் சராசரி 9,000 ஆகிவிடுகிறது. 2014-க்குப் பிந்தைய எல்லா ஆண்டுகளுக்கும் அந்த 9,000-ஐயே பெருக்குவார்கள், ஏஜென்சியில் இருந்த ஆண்டுகளுக்கு மட்டும் அல்ல. மேலே சொன்ன 12 ஆண்டுக்கு 2,571 வர வேண்டிய இடத்தில் 1,543 வரும். வேலைக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. சம்பளத்தைப் பிரித்து, அடிப்படையைக் குறைத்து, மீதியைப் படிகளாகத் தருகிறேன் என்று சொல்லும் முதலாளியிடம் தலையாட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள் என்கிறோம். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இதற்கு ஓரளவு கடிவாளம் போடுகிறது: படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் சம்பளமாகவே கொள்ளப்படும். மொத்தம் 20,000-இல் அடிப்படை 9,000, படிகள் 11,000 என்றால் சம்பளம் 10,000 என்று ஆகும், பென்ஷன் பங்கு 750-லிருந்து 833 ஆகும். சிறிய தொகைதான், ஆனால் சராசரியில் நிற்கும்.

இனி, நாங்கள் பார்க்கும் இழப்புகளில் பெரியது. வேலை மாறும் இளைஞர்கள் பி.எஃப். பணத்தை எடுக்கும்போது படிவம் 19-உடன் சேர்த்துப் படிவம் 10சி-யையும் போட்டுப் பென்ஷன் பணத்தையும் எடுத்துவிடுகிறார்கள். ஒரகடம், ஓசூர், திருப்பூர் என்று ஒப்பந்த வேலை நடக்கும் இடங்களில் இது சர்வ சாதாரணம். பிரவுசிங் சென்டரில் ‘ரெண்டையும் போட்டுடவா அண்ணா’ என்று கேட்பார்கள், இவரும் சரி என்பார். ஐந்து ஆண்டு சேவைக்கு 15,000 சம்பளத்தில் ஏறத்தாழ 75,000 ரூபாய் வரும். அதே ஐந்து ஆண்டு, பத்தாண்டு முடித்தவரின் கணக்கில் சேர்ந்திருந்தால் மாதம் 1,071 ரூபாய்க்குச் சமம். ஆறு ஆண்டுகூட ஆகாது அந்த 75,000-ஐத் திரும்பப் பெற. அதன்பின் ஆயுள் முழுக்க வரும், இறந்தபின் பாதி மனைவிக்கோ கணவருக்கோ தொடரும்.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது. 10சி-யில் எடுத்துவிட்டால் பென்ஷன் திட்டத்தில் அவருடைய பழைய உறுப்பினர் தகுதி முடிந்துபோகிறது. அடுத்த வேலையில் சேரும்போது அவர் புது ஆள். 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு புதிதாகச் சேர்பவரின் சம்பளம் சேரும்போதே 15,000-ஐத் தாண்டியிருந்தால் அவருக்குப் பென்ஷன் திட்டத்தில் இடமில்லை, முதலாளியின் 12 சதவீதமும் பி.எஃப்.க்கே போகும். அதாவது 12,000 சம்பளத்தில் நான்கு ஆண்டு வேலை பார்த்துவிட்டு, 10சி போட்டு எடுத்துக்கொண்டு, 20,000 சம்பளத்தில் வேறு கம்பெனியில் சேர்பவருக்குப் பென்ஷன் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. எடுக்காமல் மாற்றிக்கொண்டிருந்தால் பழைய உறுப்பினராகவே தொடர்ந்திருப்பார்.

வேலையை விட்டுவிட்டீர்கள், அடுத்த வேலை எப்போது என்று தெரியவில்லை என்றாலும் வழி இருக்கிறது. அதே 10சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாக ‘ஸ்கீம் சர்டிபிகேட்’ கேட்கலாம். சேவைக் காலம், சம்பளம், குடும்ப விவரம் எல்லாம் அதில் பதிவாகும். மறுபடி வேலைக்குச் சேரும்போது கொடுத்தால் பழைய சேவை ஒட்டிக்கொள்ளும். மாதப் பென்ஷனுக்குத் தேவை பத்து ஆண்டு சேவை. ஆறு மாதமும் அதற்கு மேலும் உள்ள மிச்சம் ஓர் ஆண்டாகக் கொள்ளப்படுவதால் ஒன்பதரை ஆண்டே போதும். ஒன்பதரை ஆனபின் 10சி போட்டுப் பணம் கேட்டால் மனு திரும்பும். அது தவறல்ல, உங்களுக்குப் பென்ஷன் உறுதியாகிவிட்டது என்று பொருள். எட்டு ஒன்பது ஆண்டில் நிற்பவர்கள் தயவுசெய்து எடுக்காதீர்கள்.

இங்கே அண்மைய முடிவு ஒன்றையும் சொல்ல வேண்டும். 2025 அக்டோபர் 13-ல் டெல்லியில் நடந்த, பி.எஃப்.-ஐ நிர்வகிக்கும் மத்திய அறங்காவலர் குழுவின் 238-வது கூட்டத்தில், வேலை இழந்தவர் பி.எஃப்.-ஐ முழுமையாக முடிப்பதற்கான காத்திருப்பை இரண்டு மாதத்திலிருந்து 12 மாதமாகவும், பென்ஷன் பணத்தை எடுப்பதற்கான காத்திருப்பை இரண்டு மாதத்திலிருந்து 36 மாதமாகவும் உயர்த்த முடிவெடுத்தார்கள். பகுதிப் பணம் எடுக்கும் 13 விதிகளை மூன்றாகச் சுருக்குவதும், 25 சதவீதத்தைக் கணக்கிலேயே குறைந்தபட்ச இருப்பாக நிறுத்துவதும் அதே கூட்டத்தின் முடிவுகள். ‘நம் பணத்தைப் பூட்டிவிட்டார்கள்’ என்ற கோபம் எழுந்தது. வேலையில்லாமல் வீட்டு வாடகை கட்ட வேண்டியவரின் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் 36 மாதக் காத்திருப்பு என்பது அந்தப் பென்ஷன் பணத்துக்கு மட்டும்தான், அது அவசரத்துக்குக் கைவைக்க வேண்டிய பணமே இல்லை என்பது எங்கள் கருத்து. நீங்கள் மனு போடும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறதோ அதுதான் பொருந்தும். பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

அடுத்தது பதிவுகள். கம்பெனி மாறி, பி.எஃப்.-ஐப் புதுக் கணக்குக்கு மாற்றியபின் பாஸ்புக்கைத் திறப்பவர் அதிர்ந்துபோவார். தொழிலாளி பங்கு வந்திருக்கும், முதலாளி பங்கு வந்திருக்கும், பென்ஷன் பத்தியில் பூஜ்யம் நிற்கும். பணம் காணாமல் போகவில்லை. பென்ஷனில் பணம் மாறுவதில்லை, சேவைக் காலம்தான் மாறுகிறது. அதைப் பார்க்க வேண்டிய இடம் பாஸ்புக் அல்ல. பி.எஃப். இணையதளத்தின் உறுப்பினர் போர்ட்டலில் ‘வியூ’ என்பதன்கீழ் ‘சர்வீஸ் ஹிஸ்டரி’யைத் திறந்தால் எத்தனை கம்பெனி, எங்கே எந்தத் தேதியில் சேர்ந்து எந்தத் தேதியில் விலகினீர்கள் என்று தெரியும். 2025 செப்டம்பரிலிருந்து ‘அனெக்சர் கே’ என்ற மாற்றச் சான்றையும் உறுப்பினரே இறக்கிக்கொள்ளலாம். முன்பு அது ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு மட்டும் போகும் தாள். அதில் பென்ஷன் சேவை எத்தனை ஆண்டு எத்தனை மாதம் என்று இருக்கும். மாற்றம் முடிந்த கையோடு இறக்கிப் பத்திரப்படுத்துங்கள்.

சர்வீஸ் ஹிஸ்டரியில் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, விலகிய தேதி. பழைய கம்பெனி அதைப் போடாமல் விட்டிருந்தால் கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் கழிந்தபின் நீங்களே போடலாம்: ‘மேனேஜ்’, ‘மார்க் எக்ஸிட்’, ஆதாருக்கு வரும் ஓ.டி.பி. தேதி கடைசிச் சந்தா வந்த மாதத்துக்குள் இருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் நீங்களாக அழிக்க முடியாது என்பதால் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போடுங்கள். இரண்டு, தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றனவா என்பது. பழைய கம்பெனி 30-ஆம் தேதி விலகினார் என்று போட, புதுக் கம்பெனி 15-ஆம் தேதியே சேர்ந்தார் என்று போட்டிருக்கும். அந்த ஒரே காரணத்துக்காக மாற்ற மனுவைத் திருப்பக்கூடாது என்று 2025-ல் சுற்றறிக்கை வந்துவிட்டது. ஆனாலும் பென்ஷன் கட்டத்தில் கேள்வி வரும், முன்பே திருத்திவிடுவது நல்லது. மூன்று, ஒவ்வொரு கம்பெனியின் கணக்கும் ஒரே யு.ஏ.என்., அதாவது கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்ணின்கீழ் இருக்கிறதா. இரண்டு யு.ஏ.என். உள்ளவர்களுக்குப் பழைய சேவை தனியே மிதந்துகொண்டிருக்கும்.

பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர் திருத்தத்துக்கு 2025 ஜனவரியில் ஒரு பெரிய சலுகை வந்தது. 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு ஆதாரோடு வழங்கப்பட்ட யு.ஏ.என். என்றால் இவற்றைக் கம்பெனி ஒப்புதல் இல்லாமல் உறுப்பினரே திருத்தலாம். அதற்கு முந்தைய எண் என்றால் உறுப்பினரும் கம்பெனியும் சேர்ந்து தரும் ‘ஜாயின்ட் டிக்ளரேஷன்’ மனு கம்பெனி வழியாகப் போக வேண்டும். தமிழ்நாட்டில் இன்னொரு தலைவலி, தந்தை பெயரின் முதலெழுத்து. ஆதாரில் ‘முருகன் க’ என்று இருக்கும், பி.எஃப்.பில் ‘கந்தசாமி முருகன்’ என்று விரித்திருப்பார்கள், வங்கியில் ‘க. முருகன்’. மனிதருக்கு மூன்றும் ஒன்று, கணினிக்கு மூன்று ஆட்கள். ஆதாரை அடிப்படையாக வைத்து மற்ற இரண்டையும் அதற்கு ஒத்துவரச் செய்யுங்கள். மூடிய மில்களில் வேலை பார்த்தவர்கள் கம்பெனி இல்லையே என்று கைவிட வேண்டாம். அதிகாரம் பெற்ற அலுவலர் ஒருவரின் சான்றொப்பத்தோடு மண்டல அலுவலகத்தில் நேரில் கொடுக்க வழியுண்டு. பழைய ஈ.எஸ்.ஐ. அட்டை, சம்பளச் சீட்டு, பணி நியமன ஆணை எதையும் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள்.

சிலருக்குத் தகுதியில்லாமலேயே பென்ஷன் பணம் பிடித்திருப்பார்கள். 2014 செப்டம்பருக்குப் பிறகு 15,000-க்கு மேல் சம்பளத்தில் முதல்முறை சேர்ந்தவருக்குக் கம்பெனி மாதாமாதம் 1,250-ஐப் பென்ஷனுக்குக் கட்டியிருக்கும். பத்தாண்டு கழித்து மனு போடும்போதுதான் வெளியே வரும். 58 வயது தாண்டியவருக்குத் தொடர்ந்து பென்ஷன் பங்கு பிடிப்பதும் இதே வகை. பாஸ்புக்கின் மூன்றாவது பத்தி உங்கள் நிலைமைக்குப் பொருந்துகிறதா என்று இன்றே பாருங்கள். கம்பெனி உயிரோடு இருக்கும்போது திருத்துவது எளிது.

58 வயது வந்ததும் பென்ஷன் கேட்க வேலையை விட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. கம்பெனியின் ஓய்வு வயது 60 என்றாலும் 58-ல் பென்ஷன் திட்ட உறுப்பினர் தகுதி முடிகிறது. படிவம் 10டி போட்டுப் பென்ஷன் வாங்கிக்கொண்டே வேலையில் தொடரலாம், பி.எஃப். பிடித்தமும் தொடரும். பென்ஷனைத் தள்ளிப்போட விரும்பினால் 60 வரை தள்ளலாம், ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும். முன்கூட்டியே வேண்டுமென்றால் 50-லிருந்து வாங்கலாம், ஆனால் வேலையில் இருக்கக்கூடாது, குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு. 56-ல் வாங்கினால் 92 சதவீதம். 58 ஆனதும் அது முழுத்தொகையாக மாறிவிடும் என்பது தவறான நம்பிக்கை. வெட்டு ஆயுள் முழுக்க நிற்கும்.

10டி-யில் மனு திரும்புவதற்குப் பெரும்பாலும் குடும்ப விவரமும் வங்கி விவரமும்தான் காரணம். கணவன் மனைவி சேர்ந்த புகைப்படம், இருவரின் ஆதார், 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பிறந்த தேதிச் சான்று, வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம். மனைவியின் பெயர் ஆதாரில் ஒரு விதமாகவும் போர்ட்டலில் ஒரு விதமாகவும் இருந்தால் அங்கே மாட்டும். இணைந்துபோன வங்கிகளின் பழைய ஐ.எஃப்.எஸ்.சி. கோடு இன்னொரு பொறி. லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைந்துவிட்டது, அலகாபாத் வங்கி அதே ஆண்டு இந்தியன் வங்கியோடு சேர்ந்தது. பழைய கோடு போட்ட மனு நகராது. எல்லாம் சரியாக இருக்கும் மனுவை 20 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. போதிய காரணமின்றித் தாமதித்தால் 12 சதவீத வட்டிக்கு பி.எஃப். ஆணையரே பொறுப்பு என்றும் திட்டத்தில் எழுதியிருக்கிறது. மனு நிலுவையில் கிடந்தால் புகார் எழுதும்போது இந்த விதியைக் குறிப்பிடுங்கள்.

பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் ஒரு நிம்மதி. மையப்படுத்திய பட்டுவாடா முறை வந்துவிட்டது. முன்பு ஒவ்வொரு மண்டல அலுவலகமும் மூன்று நான்கு வங்கிகளோடு மட்டும் ஒப்பந்தம் வைத்திருந்தது. ஊர் மாறினால் பி.பி.ஓ. எனப்படும் பென்ஷன் ஆணையை அலுவலகம் விட்டு அலுவலகம் மாற்ற வேண்டும். இப்போது நாட்டின் எந்த வங்கி, எந்தக் கிளையிலும் வாங்கலாம். சென்னையில் ஓய்வுபெற்றுத் தென்காசிக்குப் போய்விட்டவர் இங்கே கணக்கை உயிரோடு வைத்திருக்கத் தேவையில்லை. பென்ஷன் தொடங்கும்போது வங்கிக் கிளைக்குச் சரிபார்ப்புக்குப் போவதும் போயிற்று.

ஆயுள் சான்று பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பென்ஷன் நிற்பது பெரும்பாலும் இதில்தான். நவம்பரில்தான் கொடுக்க வேண்டும் என்பது அரசுப் பென்ஷனர் வழக்கம். இ.பி.எஸ். பென்ஷனர் ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும். போன ஆண்டு மார்ச் 10-ல் கொடுத்தவர் இந்த ஆண்டு நவம்பருக்குக் காத்திருந்தால் நடுவில் பென்ஷன் நின்றுவிடும். கொடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். நின்றுபோனாலும் சான்று கொடுத்தபின் நிலுவை சேர்ந்து வரும், பதற வேண்டாம்.

கைரேகை தேய்ந்துபோன முதியவர்களுக்கு முகம் காட்டும் முறை வரப்பிரசாதம். ஆண்ட்ராய்டு போனில் ‘ஆதார் ஃபேஸ் ஆர்.டி.’, ‘ஜீவன் பிரமாண்’ இரண்டு செயலிகளையும் ஏற்ற வேண்டும். முதலில் போனை இயக்குபவர் தன் முகத்தைக் காட்டிப் பதிய வேண்டும், மகனோ மகளோ ஆகலாம், பென்ஷனரே ஆகலாம். பிறகு பென்ஷனரின் ஆதார் எண், போன் எண், பி.பி.ஓ. எண், வங்கிக் கணக்கு எண். பென்ஷன் வழங்கும் அமைப்பைக் கேட்கும் இடத்தில் பி.எஃப். நிறுவனத்தைக் குறிக்கும் இ.பி.எஃப்.ஓ. என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே அவசரத்தில் மாநில அரசு என்றோ வங்கியின் பெயரையோ தட்டிவிட்டால் சான்று உருவாகும், எண்ணும் வரும், ஆனால் பி.எஃப். அலுவலகத்துக்குப் போய்ச் சேராது. மூன்று மாதம் கழித்துப் பென்ஷன் நிற்கும்போதுதான் தெரியும். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் படம் கறுத்துவிடும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கேட்கும்போது கண்ணைச் சிமிட்ட வேண்டும். முடிந்தபின் வரும் பிரமாண் எண்ணோடு நின்றுவிடாமல், இ.பி.எஃப்.ஓ. பென்ஷனர் பக்கத்தில் பி.பி.ஓ. எண்ணைக் கொடுத்துச் சான்று ஏற்கப்பட்டதா என்று பாருங்கள். போன் வசதியில்லாதவர்கள் வங்கி, தபால் நிலையம், பொதுச் சேவை மையம், பி.எஃப். அலுவலகம் எங்கும் கொடுக்கலாம். நடமாட முடியாதவர்களுக்குத் தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுக்கும் ஏற்பாட்டை இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியோடு செய்திருக்கிறார்கள். அதன் 50 ரூபாய்க் கட்டணத்தை இ.பி.எஃப்.ஓ.வே ஏற்கும் என்பதும் அந்த அக்டோபர் கூட்டத்தில் அறிவித்ததுதான். பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பணியில் இருக்கும்போது உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்குப் பத்தாண்டுக் கணக்கெல்லாம் கிடையாது. ஒரு மாதச் சந்தா இருந்தாலே மனைவிக்கோ கணவருக்கோ பென்ஷன் உண்டு, 1,000-க்குக் குறையாது. இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை, தலைக்கு அதில் கால் பங்கு. தாய், தந்தை இருவரும் இல்லாத பிள்ளைகளுக்கு முக்கால் பங்கு. இது பலருக்குத் தெரியாததால், இறந்தவரின் பி.எஃப். பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பென்ஷன் மனு போடாமலே விட்ட குடும்பங்கள் ஏராளம். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரில் போட்ட நாமினேஷன் கல்யாணத்துக்குப் பின் செல்லாது என்பதும் தெரிய வேண்டும். போர்ட்டலில் குடும்ப விவரத்தைப் புதிதாக ஏற்றி ஆதார் கையொப்பம் (இ-சைன்) போடும்வரை புது நாமினேஷன் முழுமையாகாது. சேமித்துவிட்டு இ-சைன் போடாமல் வெளியே வருபவர்களே அதிகம்.

உச்சவரம்புக்கு மேல் உள்ள உண்மைச் சம்பளத்துக்கே பென்ஷன் கேட்கும் ‘கூடுதல் பென்ஷன்’ விவகாரத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. 2022 நவம்பர் 4 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி விருப்பம் தெரிவிக்கும் காலம், பலமுறை நீட்டிப்புக்குப் பின், 2023 ஜூலை 11-ல் முடிந்துவிட்டது. 17 லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் அப்போதே போயின. இப்போது புதிதாகச் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி.

ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் பி.எஃப். முகாம் நடக்கிறது. அன்று விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளில். நடக்கும் இடத்தை முன்கூட்டியே உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வெளியிட்டால் போதும், பிரவுசிங் சென்டருக்குப் போகும் பணத்தில் பாதி மிச்சமாகும். இ.பி.எஃப்.ஓ.வுக்கும் ஒரு கோரிக்கை: மனுவைத் திருப்பும்போது காரணத்தை ஆங்கிலத்தில் ஒற்றை வரிச் சுருக்கெழுத்தாக அனுப்புவதை நிறுத்தி, எந்தத் தேதி, எந்தக் கம்பெனி, எதைத் திருத்த வேண்டும் என்று தமிழில் குறுஞ்செய்தி அனுப்புங்கள். பி.எஃப். இருப்பைத் தமிழ்க் குறுஞ்செய்தியில் கேட்டு வாங்கும் வசதியை ஏற்கெனவே தந்திருக்கிறீர்கள், இதையும் அதே வழியில் செய்ய முடியும்.

இப்படிக்கு,
பென்ஷன் மனு எழுதித் தரும் தொழிற்சங்க ஊழியர்கள்,
அம்பத்தூர்.